செங்கரட்டுப்பாளையத்தின் தண்ணீர் விக்கல்

செங்கரட்டுப்பாளையத்தில் குழாய்த் தண்ணீர் திறந்துவிட்டால் ஜனங்களுக்கு விக்கல் எடுக்கும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், அவரவர் ஊரில் தண்ணீர் வரும் லட்சணம் அவரவருக்குத் தெரியும். அந்த விக்கல் முதன்முதலாக வந்தது மேட்டுத் தெருவுக்கு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தவளுக்கும், கண்ணாடி முன்னால் மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தவனுக்கும், பெண்பார்க்க வந்தவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு குனிந்து நின்றவளுக்கும், அவளைப் பெற்றவனுக்கும், ஒரே நொடியில், தெருவே ஒற்றைத் தொண்டையாகி விக்கியது. விக்கி முடித்த மறுகணம், யாரும் சொல்லாமலே, வால்வைத் திறந்துவிட்டார்கள், நம் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது என்பது அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. காப்பித் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், மாப்பிள்ளை வீட்டார் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், குடங்கள் நிறைந்தன. ஏன் விக்கினோம், எப்படித் தெரிந்தது என்று ஒரே ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. கேள்வி கேட்கிற பழக்கம் அந்த ஊருக்குக் கிடையாது. வந்ததா, பிடித்தோமா, மூடிவைத்தோமா என்பதோடு அதன் புத்தி முடிந்துவிடும்.

கேட்டிருந்தால் கோகிலவாணியிடம் பதில் இருந்தது, பாதிப் பதிலாவது இருந்தது. அந்த ஊருக்கு நகராட்சித் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறையோ பத்து நாளைக்கு ஒருமுறையோ வரும், எந்தத் தெருவுக்கு எப்போது என்பது வால்வு திறக்கிற குப்பண்ணனின் கால்வலியைப் பொறுத்த விஷயம், அதனால் பெண்கள் மில்லுக்கும் போக முடியாமல் தறிக்கும் போக முடியாமல் குழாயடியில் காத்துக் கிடந்தார்கள். நகராட்சிக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. தண்ணீரை ஒழுங்காக விடுவதைவிடத் தண்ணீர் வருவதைச் சொல்லும் இணையப் பக்கம் ஒன்றைச் செய்துவிடுவது சுலபம் என்று முடிவெடுத்து, கோயம்புத்தூரில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கம்பெனியிடம் அந்த வேலையைக் கொடுத்தது. அங்கே கம்ப்யூட்டர் மொழியான ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவள் கோகிலவாணி, செங்கரட்டுப்பாளையம் பள்ளிக்கூடத் தெருக்காரி, தினம் பஸ்ஸில் போய் வருகிறவள். அவளுக்கு மேலே புராஜெக்ட் மேனேஜர் தீனதயாளன், சென்னையிலிருந்து வந்தவர், ஜாவாவில் ஒரு வரி எழுதத் தெரியாது, ஆனால் எழுதியது யார் என்று மேடையில் கேட்டால் முதல் ஆளாக எழுந்து நிற்பார்.

சாதாரணமாக ஓர் இணையப் பக்கம் கேட்டால்தான் வாய் திறக்கும். நாம் பொத்தானை அழுத்த வேண்டும், அது போய் சர்வரைக் கேட்க வேண்டும், சர்வர் பதில் சொல்ல வேண்டும். இது அப்படியில்லை. குப்பண்ணன் வால்வைத் திறந்து தன் போனில் தெருப் பெயரைத் தொட்டதும், யாரும் கேட்காமலே சர்வர் தானாகவே அந்தத் தெருவில் பெயர் பதிந்தவர்களின் திரைக்குச் செய்தியைத் தள்ளிவிட வேண்டும், திரையில் பெட்டி எழ வேண்டும், மணி அடிக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு திரைக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு வழியை மூடாமல் திறந்தே வைத்திருக்க வேண்டும், அதை அவள் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தாள். எல்லாத் தெருவின் செய்தியும் முதலில் ஒரே ஒரு சோதனைப் பெயருக்குப் போகட்டும், அங்கே போய்ச் சேர்ந்த பிறகே மற்றவர்களுக்குப் போகட்டும் என்று செய்யச் சொன்னவர் தீனதயாளன். இந்த மாதிரி இடத்தில் ஜாவா எழுதுகிறவர்கள் யார் பெயரைப் போடுவார்கள்? பிடித்த நடிகன் பெயரை, வீட்டு நாயின் பெயரை, கட்டிக்கொள்ளப் போகிறவன் பெயரை. கோகிலவாணி தன் அப்பா பெயரைப் போட்டாள், நாச்சிமுத்து, பள்ளிக்கூடத் தெரு. வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள், எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், உலகத்தில் எவரும் எடுத்ததில்லை.

அலுவலகத்தில் சர்வரும் திரையும் ஒரே மேசையில் இருந்தபோது மணி கணீரென்று அடித்தது. நகராட்சியில் கொண்டுபோய் வைத்து, கமிஷனர் வந்து கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, ரிப்பன் வெட்டி, குப்பண்ணன் பொத்தானைத் தொட்டபோது திரையில் ஒன்றும் எழவில்லை. சர்வர் தன் வேலையைக் குறித்துவைக்கும் லாகில் மட்டும் அனுப்பியாயிற்று, அனுப்பியாயிற்று, அனுப்பியாயிற்று என்று வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. அனுப்பியது எங்கே போயிற்று? நம்மை யாராவது நினைத்தால் விக்கல் எடுக்கும், இது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. இங்கே சர்வர் நினைத்தது. போய்ச் சேர வழியில்லாத செய்தி நேராக ஆளைத் தேடிப் போய்த் தொண்டையில் இறங்கியது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, ஏதோ தாத்தன் முப்பாட்டன் காலத்திலிருந்து தண்ணீர் வருவதே விக்கலில்தான் என்பதுபோல எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் விக்குகிற பிள்ளையைப் பரீட்சை நடுவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். விக்கினவன் குடம் நிறையும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது, விக்குகிறவனை யாரும் பயமுறுத்தக் கூடாது என்று சட்டம் வந்தது, எழுதாத சட்டம், ஆனால் மீறினால் தெருவில் தலைகாட்ட முடியாது. "எனக்கு இன்னைக்கு நல்ல அழுத்தமா வந்துச்சுங்க, மோட்டாரே போட வேண்டியதில்லை" என்று பெருமையடித்தார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு சிங்கப்பூர் போயிருந்தவன் அங்கே வேலைத்தளத்தில் விக்கி, உடனே போன் போட்டு, "தண்ணி வந்துருச்சு, தொட்டியை நிரப்புங்க" என்று குடியிருப்பவர்களை விரட்டினான். கோயில் கமிட்டித் தலைவருக்கு, அன்னதானத்தில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் வீடே இல்லாத கிணற்றுத் தெருவுக்குத் தண்ணீர் திறந்த நேரத்தில் விக்கல் எடுத்துவிட்டது. அவர் சம்சாரம் இலையை மடக்கிவிட்டு எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், நேராகக் கிணற்றுத் தெருவுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு இரண்டு விலாசத்தில் பெயர் பதிந்திருந்தவர்கள் அவசரமாக நகராட்சி ஜன்னலில் வரிசை கட்டினார்கள்.

கோகிலவாணி தீனதயாளனிடம் போய், "சார், திரைக்கு ஒரு செய்தியும் போகலை. எங்கேயோ மாட்டுது. கண்டுபிடிக்கணும்" என்றாள்.

"ஊர்ல தண்ணி வர்றது தெரியுதா இல்லையா?"

"தெரியுது சார், விக்கல்ல தெரியுது."

"லாக்ல அனுப்பியாச்சுன்னு இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்னம்மா பிரச்சினை? ஓடுற வண்டியில எதுக்குக் கை வைக்கிறே?" என்றார் தீனதயாளன். அவர் அதற்கு உடல்வழி அறிவிப்பு முறை என்று பெயர்வைத்து, மனிதத் தொண்டையின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே நீல நிறத்தில் ஒரு குழாயை வரைந்து, கமிஷனருக்குக் காட்டினார். கமிஷனர் மெய்மறந்துபோனார். மின்சாரம் வேண்டாம், நெட் வேண்டாம், கட்டணம் கிடையாது, பாமரனுக்கும் போய்ச் சேர்கிறது. அடுத்ததாகக் குப்பை வண்டி வருவதற்குத் தும்மல் வரவழைக்க முடியுமா என்று கேட்டார். கேட்டாரே, ஒரு நகரத்தையே நிர்வகிக்கிற மனிதர், வெட்கமில்லாமல் கேட்டார்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் நாச்சிமுத்து படுத்திருந்தார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி, தையல் போட்ட வயிறோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் மேட்டுத் தெரு முதல்முதலாக விக்கியது. இருமக் கூடாது, முக்கக் கூடாது, தும்மல் வந்தால் வயிற்றில் தலையணையை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். ஊரில் மற்றவர்களுக்குத் தங்கள் தெருவுக்கு மட்டும்தான் விக்கல். நாச்சிமுத்துவுக்கு எல்லாத் தெருவுக்கும் விக்கல். குப்பண்ணன் மேட்டுத் தெருவைத் திறந்தாலும் அவர்தான் முதலில் விக்கினார், சந்தைப்பேட்டையைத் திறந்தாலும் அவர்தான், கிணற்றுத் தெரு, பனங்காட்டுத் தெரு, புதுக் காலனி, ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் என்று ஊரையே தன் தொண்டையில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு விக்கலுக்கும் தையலைப் பிடித்துக்கொண்டு துடித்தார். ஒரு கவளம் சோறு உள்ளே இறங்குவதற்குள் புரையேறி மூக்கில் வந்தது. கோகிலவாணி ஆபீஸுக்குப் போகாமல் லேப்டாப்போடு வீட்டிலேயே இருந்து, அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே வேலை பார்த்தாள்.

"அம்மிணி, என்னை யாரு இப்படி நெனைக்கறாங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து. "உங்கம்மா போனதுக்கப்புறம் என்னை நெனைக்கறதுக்கு ஆளே இல்லைன்னு இருந்தேன்."

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். சர்வரைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சரியாப் போயிருமுங்கப்பா" என்றாள்.

இதில் இன்னொரு கேவலம் வந்து சேர்ந்தது. மேட்டுத் தெருவைத் தவிர மற்ற தெருக்களில் பாதிப் பேர் அந்த இணையப் பக்கத்தில் பெயரே பதியவில்லை, பதிய ஆதார் எண் கேட்கிறார்கள், வீட்டுவரி ரசீது கேட்கிறார்கள், யார் அலைவது என்று விட்டுவிட்டார்கள். எல்லாத் தெருவுக்கும் சேர்த்து ஒரே ஆள் விக்குகிறார், கேட்டால் எந்தத் தெரு என்று சொல்லவும் செய்கிறார் என்ற செய்தி பரவியதும், அவர்கள் குடங்களோடு பள்ளிக்கூடத் தெருவுக்கு வந்து, நாச்சிமுத்துவின் ஜன்னலடியில் உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் வந்தவள் எதிர்வீட்டுத் திலகமணி. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணா, அந்தப்பக்கம் நிக்கறவங்களுக்குக் கேக்கமாட்டேங்குது" என்றாள். நாச்சிமுத்து நல்ல மனுஷர், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது, வயிற்றைப் பிடித்துக்கொண்டே தெருப் பெயரைச் சொன்னார். ஜன்னலடியில் ஒரு டீ வண்டி வந்து நின்றது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. டேங்கர் லாரிக்காரன் வந்தான், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று தெரிந்துகொண்டு அங்கே போய் விற்பதற்கு. இத்தனை பேர் வந்தார்களே, எந்தத் தெரு, எந்தத் தெரு என்று கேட்டார்களே தவிர, தையல் ஆறிற்றா, சாப்பிட்டீர்களா என்று ஒரு வாய் வார்த்தை கேட்கவில்லை. அவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால், "அண்ணன் தூங்கறாரா, தூங்கறப்ப விக்கல் வந்தா யாரு சொல்லுவாங்க?" என்று ஜன்னல் கம்பியைத் தட்டினார்கள். தூ, இதுவும் ஓர் ஊர்!

கோகிலவாணி முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தாள். சோதனைப் பெயர் இருந்த இடத்தில் அப்பா பெயரை அழித்துவிட்டு வாய்க்கு வந்த ஏதோ ஒரு பெயரைப் போட்டாள். அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே இல்லை, இல்லாத தொண்டையில் செய்தி எப்படி இறங்கும்? முதல் பெயருக்குப் போய்ச் சேராததால் சர்வர் அதற்குமேல் ஓரடி நகரவில்லை, அன்றைக்கு ஊரில் எவருக்கும் விக்கல் இல்லை, தண்ணீர் வந்து சாக்கடையில் போனது. நாச்சிமுத்து அரைத் தூக்கம் தூங்கியிருப்பார். அதற்குள் தீனதயாளன் கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே, அவளைக் கேட்காமல், தன் கையாலேயே பழைய பெயரைத் திரும்பப் போட்டுவிட்டார், அது யாருடைய அப்பா என்று தெரிந்தும் போட்டார். "அடுத்து மத்த ஊர்களுக்கும், ரெண்டு கோடி ஜனத்துக்குப் போகப்போற திட்டம்மா, ஒரு ஆளுக்காக நிறுத்த முடியுமா?" என்று போனில் சொன்னார். அடுத்த முறை அவள் தன் பெயரையே போட்டாள். ஒரு நாள் முழுக்க விக்கினாள், பேச முடியவில்லை, தட்டச்சு பண்ண முடியவில்லை, வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது, அப்போதுதான் அப்பா எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு உடம்பால் தெரிந்தது. நாச்சிமுத்துவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "எங்கிட்ட இருந்து நீ எடுத்துக்கிட்டியா? திருப்பிக் குடு, இல்லைன்னா நான் மாத்திரையைத் தொடமாட்டேன்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டே மாற்றினாள்.

அன்று மாலை தையல் ஓரத்தில் ரத்தம் கசிந்தது. டாக்டர் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இந்த விக்கல் இன்னும் கொஞ்ச நாள் நீடிச்சா தையல் பிரிஞ்சிரும். பிரிஞ்சா மறுபடி தாங்கற உடம்பில்லை இது" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற கூட்டத்திடம் பனங்காட்டுத் தெருவுக்கு எப்போது வரும் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அதற்குப்பிறகு கோகிலவாணி பேசுவதை நிறுத்திவிட்டுத் தேட ஆரம்பித்தாள். தான் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்தாள், தப்பில்லை. வழி நடுவில் அறுந்துபோகிறதா என்று பார்த்தாள், அறுந்துபோகவில்லை, திறந்தே இருந்தது, ஆனால் அதில் ஒரு எழுத்துகூட வந்துசேரவில்லை. ஜாவா சர்வரோடு நேராகத் தன் திரையை இணைத்துப் பார்த்தாள். குப்பண்ணனிடம் சொல்லி ஒரு பொத்தானைத் தொடச் சொன்னபோது மணி கணீரென்று அடித்தது. அந்த ஒரு செய்திக்கு மட்டும் அவளுடைய திரையில் பெட்டி எழுந்தது, பக்கத்தில் கிடந்த அப்பா விக்கினார், அவருக்கான செய்தி பழையபடி நகராட்சி வழியாகத்தான் போயிருந்தது. அப்படியானால் சர்வரில் குற்றமில்லை, திரையிலும் குற்றமில்லை, குற்றம் நடுவில். நகராட்சியில் வெளியுலகத்துக்கும் ஜாவா சர்வருக்கும் இடையே வாசல்காரனாக இன்னொரு சர்வரை நிறுத்தியிருந்தார்கள். அந்த வாசல்காரனுக்கு ஒரு வழக்கம், உள்ளிருந்து வருவதை அப்படியப்படியே வெளியே விடமாட்டான், மூட்டை நிறையட்டும், ஒரேயடியாகக் கொடுக்கலாம் என்று சேர்த்து வைத்துக்கொள்வான். பெரிய பெரிய பக்கங்களுக்கு அது சரி. "தண்ணீர் வருகிறது" என்பது இத்துனூண்டு செய்தி, அவன் மூட்டை ஜென்மத்துக்கும் நிறையாது. அவன் செய்திகளை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஜாவா சர்வரோ கொடுத்தாயிற்று என்று லாகில் எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டது. அலுவலக மேசையில் வாசல்காரன் இல்லை, அதனால்தான் அங்கே மணி அடித்தது. ஒரு சர்வர் இப்படி நடந்துகொள்வதில் ஆச்சரியமில்லை, அந்த நகராட்சிக் கட்டடத்தில் எல்லா மேசையிலும் அதுதானே நடக்கிறது.

மருந்து ஒரே ஒரு வரி. ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும், இதைச் சேர்த்துவைக்காதே, வந்த கையோடு விட்டுவிடு என்று வாசல்காரனுக்கு ஓர் உத்தரவு. அதை ஜாவாவிலேயே எழுதிவிட முடியும். அதோடு இன்னொன்றும் எழுதினாள்: சோதனைப் பெயர் இருக்கும் இடம் இனி காலியாகவே இருக்கலாம், செய்தி நேராகத் தெருவுக்குப் போகும், மீறி யாராவது அங்கே ஒரு பெயரைப் போட்டால், அந்த ஆளின் போனுக்கு ஓடிபி போகும், அவரே பார்த்துச் சொன்னால்தான் பெயர் ஏறும். தீனதயாளன் உடல்வழி அறிவிப்புக்கு விருது வாங்க கமிஷனரோடு சென்னைக்கு ரயில் ஏறியிருந்த பகல் நேரத்தில், யாரையும் கேட்காமல், அவள் அதை நகராட்சி சர்வரில் ஏற்றினாள்.

சந்தைப்பேட்டைக்குத் தண்ணீர் திறந்தார்கள். சோதித்துப் பார்ப்பதற்காக அந்தத் தெருவிலும் பெயர் பதிந்து வைத்திருந்த கோகிலவாணியின் போனில் மணி அடித்தது. நாச்சிமுத்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார், ஒன்றும் வரவில்லை, மெதுவாக மூச்சைவிட்டார், வயிற்றைப் பிடித்திருந்த கையை எடுத்துப் பாயில் வைத்தார், வைத்த கை வைத்தபடி தூங்கிப்போனார். அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள், சந்தோஷத்தில்தான்.

சந்தைப்பேட்டையில் எவனுக்கும் விக்கல் இல்லை. செய்தி ஒழுங்காக அத்தனை திரைக்கும் போய்க் கதவைத் தட்டியது, திரையைத் திறந்து வைத்திருக்க அங்கே நாதியில்லை, அந்தப் பக்கத்தின் விலாசமே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. போனை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, திறந்தபடி வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதைச் செய்ய வலித்தது அவர்களுக்கு. தெருத் தெருவாகத் தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது. விருது மேடையில் கமிஷனர் அமைச்சருக்கு முன்னால் செங்கரட்டுப்பாளையத்துக்காரர் ஒருவரை நிறுத்தி, ஊரில் வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டு, இப்போது பாருங்கள், இப்போது பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம், அந்த ஆள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றானாம். அங்கிருந்து புறப்பட்ட தீனதயாளன் நேராகப் பள்ளிக்கூடத் தெருவுக்கு வந்து இறங்கினார். அவர் வருவதற்கு முன்பே ஊர் வந்து நின்றது, காலிக் குடங்களோடு, வாசலை அடைத்துக்கொண்டு.

"அம்மிணி, அப்பாவை எழுப்பு. எங்களுக்கு அவரு விக்கலைன்னா ஒண்ணுமே தெரியமாட்டேங்குது" என்றாள் திலகமணி.

"அவரு சாப்பிடறாருங்க" என்றாள் கோகிலவாணி. உள்ளே நாச்சிமுத்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு, உட்கார்ந்து தன் கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

தீனதயாளன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என் மானத்தை வாங்கிட்டியேம்மா. யாரைக் கேட்டு மாத்தினே? இப்பவே பழையபடி மாத்து. இல்லைன்னா நாளைக்கு உனக்கு வேலை கிடையாது."

"மாத்துங்க, மாத்துங்க" என்று ஊர் கத்தியது.

கோகிலவாணி உள்ளே போய் லேப்டாப்பை எடுத்துவந்து, வாசல்படியில் உட்கார்ந்து, மடியில் வைத்துத் திறந்தாள். "மாத்தறேன் சார். அஞ்சு நிமிஷ வேலை." கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது, சிலர் குடத்தைத் தட்டினார்கள். அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். "பழைய முறைக்குப் போகணும்னா முதல் இடத்துல உயிரோட இருக்கற ஒரு ஆள் பேரு வேணும். எல்லாத் தெருவுக்கும் அவங்கதான் முதல்ல விக்குவாங்க. எங்கப்பா பேரை எடுத்தாச்சு. இனி யாரு பேரைப் போட்டாலும் அவங்க போனுக்கு ஓடிபி வரும், அவங்களே சொன்னாத்தான் ஏறும். சொல்லுங்க, யாரு பேரைப் போடட்டும்?"

தட்டிக்கொண்டிருந்த குடங்களைக் கீழே இறக்கிவைத்தார்கள்.

"உங்கப்பா பேரையே போட்டுறலாமே, அவருக்குத்தான் பழகிப்போச்சே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று பார்க்க அவள் தலையை நிமிர்த்தினாள், குரல் யாருடையதாகவும் இல்லாமல் போய்விட்டது.

"திலகமணியக்கா, உங்க பேரைப் போடட்டுங்களா?"

"ஐயோ, எனக்கு பிரஷர் இருக்குது கண்ணு."

"அண்ணா, நீங்க?" என்று டேங்கர் லாரிக்காரனைக் கேட்டாள். அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கிற வேலையாம், விக்கினால் விபத்தாகுமாம். கோயில் கமிட்டித் தலைவருக்கு ஏற்கெனவே ஒரு விக்கலில் குடும்பம் இரண்டாகிவிட்டதாம். டீ வண்டிக்காரருக்குக் கை நடுங்குமாம், டீ சிந்துமாம். வார்டுக்கு வார்டு, மக்களுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று போஸ்டர் ஒட்டியிருந்த கட்சிக்காரர் ஒருவர், மேடையில் பேசுகிற தொண்டை இது, இதில் போய் விக்கலை வைத்தால் நன்றாகவா இருக்கும் என்று சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருவனுக்கு நாளை மறுநாள் கல்யாணம், ஒருவர் குடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அவள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டாள், கேட்கக் கேட்க அவளுக்குக் குரல் கூடிக்கொண்டே போனது. "நான் ஒரு நாள் விக்கிப் பார்த்தேனுங்க. வயிறு கிழிஞ்சிருமாட்ட இருக்கும். கிழிச்சுத் தெச்ச வயித்தோட அவரு இத்தனை நாளா உங்களுக்குத் தெருப் பேரு சொன்னாரு. ஒரே ஒரு பேரு குடுங்க, போதும். ஒரு நாளைக்கு ஒரு ஆளுன்னு முறை வெச்சுக்குங்க, அதுக்கும் நான் எழுதித் தர்றேன். யாராச்சும் சொல்லுங்க!"

முன்வரிசை பின்வரிசையாகியது, பின்வரிசை தெருமுனையாகியது. சிலர் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தவர்களைப்போல நடந்தார்கள், சிலர் நடந்துகொண்டே போனை எடுத்து, அந்தப் பக்கத்தின் விலாசம் என்ன என்று ஒருவரையொருவர் முணுமுணுப்பாகக் கேட்டுக்கொண்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளைக்கூட எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசியில் தீனதயாளன் மட்டும் நின்றார்.

"சார், உங்க பேரைப் போடட்டுமா?" என்றாள் கோகிலவாணி. "உங்க திட்டம் சார் இது. ரெண்டு கோடி ஜனத்துக்குப் போகப்போறது. உங்க தொண்டையில இருந்து ஆரம்பிச்சா எவ்வளவு பெருமை!"

"எனக்கு நாளைக்கு பிரசன்டேஷன் இருக்கும்மா."

"அப்ப கமிஷனர் பேரைப் போடட்டுமா? ஓடிபி மட்டும் வாங்கிக் குடுங்க."

அவர் முகம் பேயறைந்ததுபோல ஆகிவிட்டது. போன் அடிக்காமலே போனை எடுத்துக் காதில் வைத்து, "ஆமா சார், சொல்லுங்க சார், வந்துட்டேன் சார்" என்று யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டே தெருவைக் கடந்து காரில் ஏறிப் போய்விட்டார். கோகிலவாணி லேப்டாப்பை மூடினாள். தெரு வெறிச்சென்று கிடந்தது. அவள் எழுந்து உள்ளே போனாள்.

நாச்சிமுத்து ரசம் ஊற்றிப் பிசைந்து இரண்டாவது முறையாகச் சோற்றை வாயில் வைத்துக்கொண்டிருந்தார், இறங்குகிறதா என்று ஒவ்வொரு வாய்க்கும் தயங்கி, இறங்கியதும் அடுத்த வாய்க்குக் கையைக் கொண்டுபோனார்.

"வாசல்ல ஊரே வந்தாப்புல சத்தம் கேட்டுச்சே அம்மிணி, யாரு வந்தாங்க?"

"யாருமே வரலைங்கப்பா. நீங்க சாப்பிடுங்க."